மிச்சமாகிப் போன இரண்டு உத்திரங்கள்

கதிர்,

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது நமக்குள் நடந்த வாக்குவாதத்தை நீ இந்நேரம் மறந்திருப்பாய். எனக்கு மறக்கவில்லை. முறுக்குத் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, பினாங்கில் நீ வடிவமைக்கும் இயந்திரத்தின் வரைபடத்தை எனக்குக் காட்டினாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பார்த்தவுடன் என் வாயில் வந்தது, "மறைகோடெல்லாம் எங்கடா?" என்பதுதான். நீ சிரித்தாய். "மா, இப்பல்லாம் யாரும் ஹிடன் லைன் காட்டறதில்ல மா. வெட்டுத் தோற்றம் இருக்கு, த்ரீடி மாடல் இருக்கு. அதையும் போட்டா டிராயிங் முழுக்க எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்" என்றாய். அந்த எறும்பு என்ற சொல்லில்தான் எனக்கு எங்கோ சுட்டது. குரலை உயர்த்தினேன். நீயும் உயர்த்தினாய். உன் அப்பா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து, "விடு லா, பிள்ள மொதல்ல சாப்புடட்டும்" என்று நடுவில் நின்றார். பழைய காலத்து வரைவாளர் அம்மாவுக்குப் புது முறை பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நீ பினாங்குக்குத் திரும்பிப் போனாய். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். வேலையிலும், வரைபடத்தின் கீழ் மூலையில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் இனி உன் பெயர்தான் வரப்போகிறது என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னாய். இந்த இரண்டும் சேர்ந்து வந்ததால்தான், இத்தனை வருடமாக உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தொலைபேசியில் சொன்னால் பாதியில் நான் பேச்சை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

தர்ஷினிக்கும் இதைப் படிக்கக் கொடு. அவள் பள்ளிக்கூடத்து ஆசிரியை, நம் தொழில் அவளுக்குத் தெரியாது. அதனால் ஒரே ஒரு விளக்கம். ஒரு மேசையை மேலிருந்து பார்த்து வரைந்தால் பலகைதான் தெரியும், அடியில் இருக்கும் கால்கள் தெரியாது. தெரியாவிட்டாலும் அவை இருக்கின்றன என்று காட்டுவதற்காக இடைவெளி விட்டுவிட்டு, சின்னச் சின்னத் துண்டுகளாக ஒரு கோடு போடுவோம். அதுதான் மறைகோடு. கையால் வரைந்த காலத்தில் ஒவ்வொரு துண்டையும் பேனாவால் இழுப்போம். கணினி வந்த பிறகு அந்தக் கோடுகளையெல்லாம் தனி அடுக்காக வைத்துக்கொள்ளலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் தெரியும், இன்னொரு தடவை அழுத்தினால் மறைந்துவிடும். வசதியான ஏற்பாடு. நான் தடுக்கி விழுந்ததும் அதில்தான்.

உன் அப்பாவை நான் முதலில் பார்த்தது லோபாக்கில் கோயில் திருவிழாவில் என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். அது பொய். இரண்டு பேரும் சேர்ந்து காத்துவந்த பொய். உன் அப்பா எனக்கு முதலில் அறிமுகமானது தொலைபேசியில், ஒரு வெல்டராக. அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் தவறான பதில் சொன்னேன். அந்தப் பதிலால் ஒரு மனிதரின் கால் ஒடிந்தது. அந்த மனிதர் யார் என்று உனக்குத் தெரியும். நம் ஆறுமுகம் பெரியப்பா.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அம்பாங்கானில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த சின்னப் பொறியியல் அலுவலகத்தில் வரைவாளராக இருந்தேன். முதலாளி, நான், கணக்கெழுதும் ஒரு பெண், அவ்வளவுதான் அலுவலகம். கணினியில் வரையத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்று எழுதுகிறேன். உன் அப்பாவைக் கேட்டால் வேறு சொல்வார். கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரத்துப் பால் சேர்க்கும் தொட்டிக்கு ஒரு இரும்பு மேடை கட்ட வேண்டியிருந்தது. ஆள் உயரத்துக்கும் மேலே மேடை, அதன்மேல் தொட்டி. கீழே லாரி வந்து நின்றால் குழாயைத் திறந்து பாலை இறக்கிக்கொள்ளலாம். மேடையின் நான்கு ஓரங்களிலும் உத்திரம், மேலே கனமான தகடு. தகடு தொய்யாமல் இருக்க அடியில் குறுக்காக இரண்டு உத்திரங்கள். மேலிருந்து பார்த்தால் தகடு அவற்றை மறைக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் ஓரத்து உத்திரம் மறைக்கும். ஆகவே அந்த இரண்டு உத்திரங்களும் என் வரைபடத்தில் எங்கு பார்த்தாலும் மறைகோடுகளாகத்தான் இருந்தன. குறுக்கே வெட்டிப் பார்த்தது போலக் காட்டும் வெட்டுத் தோற்றம் ஒன்று போட்டிருக்கலாம். தாளில் இடமில்லை என்று விட்டுவிட்டேன்.

தோட்டத்து மேனேஜருக்குக் காட்ட முதலாளி படத்தைக் கொண்டுபோனார். திரும்பி வந்து, "என்னாம்மா இது, தாள் முழுக்க எறும்பு ஊர்ற மாதிரி இருக்காம். அவரு சுவத்துல மாட்டணுமாம். கொஞ்சம் சுத்தமா ஒண்ணு எடுத்துக் குடு" என்றார். அது ஒரு வெள்ளிக்கிழமை. நான் மறைகோட்டு அடுக்கை அணைத்துவிட்டு, மேனேஜருக்காக ஒரு படம் அச்செடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு, அதே கோப்பிலிருந்து, அணைத்ததைத் திரும்பப் போடாமல், பட்டறைக்கு அனுப்பும் படத்தையும் எடுத்துவிட்டேன். அன்றைக்கு மாலை ஐந்து மணிக்கு கிள்ளானிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். லோபாக்கில் வீட்டில் என் அம்மா கேசரி கிண்டி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாளைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு, பட்டறை லாரிக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினேன். முதலாளி கையெழுத்துப் போட்டிருந்தார். அவரும் பார்க்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்பு அதே படத்தை முழுதாகப் பார்த்தவர், இதுவும் அதுதான் என்று நினைத்திருப்பார்.

கிள்ளான்காரர்கள் செவ்வாய்க்கிழமை காலையில் சொல்லியனுப்பினார்கள். பெண் ஆம்பளை மாதிரி பதில் சொல்கிறதாம், வேண்டாமாம். அந்தச் சூட்டோடு நான் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் தொலைபேசி அடித்தது.

"மேடம், பட்டறையிலேருந்து செல்வம் பேசறேன். வெல்டர். அந்தப் பால் தொட்டி மேடை, முடியப் போவுது. ஆனா ரெண்டு உத்திரம் மிச்சமா இருக்கு மேடம். சாமான் லிஸ்டுல எழுதியிருக்கு, வாங்கியாச்சு. டிராயிங்கில காணோம். அது எங்க வரும்?"

கதிர், இந்த இடத்தை நான் மனதுக்குள் எத்தனை தடவை திரும்பப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கோப்பைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். அந்தக் காலத்துக் கணினி, சரி, ஐந்து நிமிடம். நான் திறக்கவில்லை. என் வரைபடத்தில் குறை இருக்கிறதா என்று ஒரு வெல்டர் என்னைக் கேட்பதா என்றுதான் எனக்குத் தோன்றியது. "கூடுதலா வாங்கியிருப்பாங்க. டிராயிங்கில உள்ளபடி செய்ங்க" என்றேன். "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார்.

மேடையைக் கொண்டுபோய் நிறுத்தி, தொட்டியை ஏற்றி, முதல் தடவை பாலை நிரப்பியபோது தகடு நடுவில் தொய்ந்தது. தொட்டி ஒருபக்கம் சாய்ந்தது. மேலே குழாய் மூடியைத் திருகிக்கொண்டிருந்தவர் அந்தத் தோட்டத்து ஆள் ஆறுமுகம். குதிப்பதற்கு நேரமில்லை, சறுக்கி விழுந்தார். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் ஒடிந்தது. கொட்டிய பாலுக்குள் வெள்ளையாகக் கிடந்தாராம். பால் உறையாமல் இருக்கக் கலந்த அமோனியாவின் நெடியில் தூக்க வந்தவர்களுக்கே மூச்சு முட்டியதாம். தொட்டி இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தால் அவர்மேலேயே விழுந்திருக்கும்.

செய்தி தொலைபேசியில் வந்தபோது முதலாளி வெளியே போயிருந்தார். நான் கோப்பைத் திறந்தேன். திறந்தவுடன் தெரிந்துவிட்டது. அணைத்த அடுக்கு அணைத்தபடியே இருந்தது. என்ன செய்தேன் தெரியுமா? அதைத் திரும்பப் போட்டேன். போட்டு, சேமித்து, மூடினேன். யோசித்துச் செய்ததாக நினைவில்லை. கை செய்துவிட்டது என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கை எதையும் தானாகச் செய்யாது. முதலாளி வந்து கோப்பைத் திறந்து பார்த்தார். இரண்டு உத்திரங்களும் விட்டுவிட்டுப் போட்ட கோடுகளாக அழகாக இருந்தன. "இருக்கே" என்று பெருமூச்சு விட்டார். புதிதாக ஒரு படம் எடுத்துப் பட்டறைக்கும் தோட்டத்துக்கும் காட்டினார். பட்டறைச் சொந்தக்காரரான தவுக்கே உள்ளே போய்ப் பார்த்தார். சுவரோரம் இரண்டு உத்திரங்கள் மிச்சமாகக் கிடந்தன. அதற்குமேல் அவருக்குச் சாட்சி தேவைப்படவில்லை. வெல்டர் மறந்துவிட்டான் என்று சொல்லி, அன்றைக்கே செல்வத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

அது எனக்குத் தெரியும். தெரிந்தே பதினோரு நாள் அலுவலகத்துக்குப் போய் வந்தேன். சாப்பிட்டேன். அம்மாவோடு பாசாருக்குப் போய் மீன் வாங்கினேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன். ஆனால் ஒரு நாள் தள்ளிப்போட்டால் அடுத்த நாள் அதைச் சொல்வது இரண்டு மடங்கு கடினமாகிவிடுகிறது. ஏனென்றால் இப்போது தவற்றை மட்டுமல்ல, நேற்றைய மௌனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆறாம் ஏழாம் நாளில், இனிமேல் சொன்னால் யாருக்கு என்ன லாபம் என்று வாதாடவும் ஆரம்பித்துவிட்டேன். நல்லவர்கள் என்று தங்களை நினைத்துக்கொள்கிறவர்கள் இப்படித்தான் வாதாடுவார்கள் போலிருக்கிறது.

பதினோராம் நாள் காலையில் ஒருவர் படியேறி வந்தார். மெலிந்த ஆள். சட்டைக் கையில் தீப்பொறி பட்ட ஓட்டைகள். கையில் நான்காக மடித்த ஒரு தாள். அலுவலகத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"நீங்கதான போன்ல பேசுனது?" என்று கேட்டார். என் குரலை ஒரு 'வாங்க' என்ற சொல்லிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

தாளை என் மேசையில் விரித்தார். எண்ணெய்க் கறை, கைரேகை, ஒரு மூலை கருகல். நான் வெள்ளிக்கிழமை எடுத்த படம். ஒரு மறைகோடுகூட இல்லாத சுத்தமான படம்.

"தவுக்கேகிட்ட காட்டுனேன். அவரு பாக்க மாட்டேங்கறாரு. ஆபீசோட சண்ட வேணாமாம்" என்றார். "நானும் சண்ட போட வரல மேடம். வேற வேல கெடைக்கும் எனக்கு. ஆஸ்பத்திரியில அந்த அண்ணன் இருக்காரு, ஆறுமுகம். அவரு சம்சாரம் என்னயப் பாத்து, ரெண்டு கம்பிய வைக்க மறந்துட்டியேடா பாவின்னு கேட்டாங்க. அவங்ககிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா போதும்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், மறுத்தும் இருப்பேன் என்று நினைக்கிறேன். நான் அவரை உட்காரச் சொன்னேன். கணினியைத் திறந்து, அடுக்கை அணைத்துக் காட்டினேன், போட்டுக் காட்டினேன். "நான்தான் அணைச்சேன். நான்தான் அப்புறமா போட்டேன்" என்றேன். அழவில்லை. அழுவதற்கு எனக்கு அப்போது உரிமை இல்லை என்று தோன்றியது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "இது இவ்ளோ சின்ன பட்டனா?" என்று மட்டும் கேட்டார்.

முதலாளி வந்ததும் செல்வத்தின் எதிரிலேயே சொன்னேன். முதலாளி என்னைத் திட்டவில்லை. அந்தக் கருகிய தாளை எடுத்து, தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். மறுநாள் தோட்டத்துக்கும் பட்டறைக்கும் அவரே போய், குறை எங்கள் அலுவலகத்துடையது என்று சொல்லிவிட்டு வந்தார். என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆனால் கணினியிலிருந்து எழுப்பி, மூலையில் தூசி படிந்து கிடந்த வரைபலகையின் முன்னால் உட்கார வைத்தார். ஆறு மாதம் கையால் வரைந்தேன். ஒவ்வொரு மறைகோட்டையும் துண்டு துண்டாகப் பேனாவால் இழுத்தேன். ஒரு துண்டு இழுக்கும்போது, இதன் அடியில் என்ன இருக்கிறது, இதை யார் தூக்கி வைப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியாது. அதைத் தண்டனை என்று அப்போது நினைத்தேன். நான் ஓரளவு நல்ல வரைவாளராக ஆனது அந்த ஆறு மாதத்தில்தான்.

ஆறுமுகம் அண்ணனிடம் சொல்லப் போனது அதைவிடக் கடினம். எனக்கு அந்தத் தோட்டத்துக்கு வழி தெரியாது. செல்வம் தன் மோட்டார் சைக்கிளில் முன்னால் போக, நான் வாடகைக் காரில் பின்னால் போனேன். அண்ணன் கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், தொலைபேசியில் சொன்ன பதில், அடுக்கைத் திரும்பப் போட்டது, பதினோரு நாள், எல்லாம். அவர் மனைவி கன்னியம்மா என்னை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். எல்லாம் நியாயமான பேச்சு. பிறகு செல்வத்தின் பக்கம் திரும்பி, "ஒன்னயப் போயி பேசிட்டேனேப்பா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் உள்ளே போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார்கள். எனக்கும் ஒன்று இருந்தது.

அந்தக் கால் முழுதாகச் சரியாகவே இல்லை. உனக்கு ஏழு வயது இருக்கும்போது, பெரியப்பா நம் வீட்டு வாசலில் இறங்கி நடந்து வந்ததைப் பார்த்து, நீ அவர் பின்னாலேயே காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினாய். நான் உன்னை அறைந்தேன். என் வாழ்நாளில் உன்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். கன்னத்தில் கைபட்ட இடம் சாயங்காலம் வரை சிவந்திருந்தது. பெரியப்பாவே உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, "பிள்ளைக்கு என்னா தெரியும்" என்று என்னைக் கடிந்துகொண்டார். நீ அன்றைக்கு ஏன் அடி வாங்கினாய் என்று உனக்குத் தெரியாது. உன் தவற்றுக்காக இல்லை, என் தவற்றுக்காக வாங்கினாய். மன்னிப்புக் கேட்க இருபது வருடம் பிந்திவிட்டது. ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்.

செல்வம் எப்படி உன் அப்பாவானார் என்று தர்ஷினி கேட்பாள். பெரிய கதை ஒன்றும் இல்லை. அவர் செனாவாங்கில் வேறு பட்டறைக்குப் போனார். அங்கே அவர் கைக்கு வந்த வரைபடங்களில் ஏதாவது புரியாவிட்டால் எனக்குத் தொலைபேசி செய்வார். என் அலுவலகம் வரைந்த படம்கூட இல்லை அவை. முதலில் கோடுகளைப் பற்றிக் கேட்டார். அப்புறம் சாப்பிட்டாச்சா என்று கேட்டார். ஒன்றரை வருடத்தில், கேட்பதற்குப் படம் எதுவும் இல்லாமலேயே தொலைபேசி வந்தது. என் அப்பாவுக்கு வெல்டர் மாப்பிள்ளை என்பதில் மனத்தாங்கல் இருந்தது. அதுவும் நீ பிறந்ததோடு போய்விட்டது. கல்யாணத்துக்கு ஆறுமுகம் அண்ணன் ஊன்றுகோலோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். எங்களை யார் சேர்த்து வைத்தது என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, அவர்தான் வாயைத் திறந்து, "லோபாக் கோயில் திருவிழாவுல பாத்துக்கிட்டாங்க" என்றார். எங்களைக் காப்பாற்ற அவர் சொன்ன பொய் அது. நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டோம்.

இனி உன் வேலைக்கு வருகிறேன். தீபாவளியன்று நீ சொன்னதில் பாதி சரி. எல்லாத் தோற்றத்திலும் எல்லா மறைகோட்டையும் போட்டால் படிக்கிறவனுக்குத் தலை சுற்றும். நானே பல படங்களில் அணைத்திருக்கிறேன், இன்றைக்கும் அணைப்பேன். ஆனால் ஒன்றை அணைக்கும்போது, அந்தச் செய்தி தாளில் வேறு எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்ட உனக்கு முடிய வேண்டும். முடியாவிட்டால் போடு. போட்ட பிறகும் திரையில் தெரிகிறது என்று நம்பிவிடாதே. கோட்டு அளவு சரியில்லை என்றால் துண்டுக் கோடுகள் அச்சில் நெருங்கி ஒரே கோடாகிவிடும். மறைந்திருப்பதாக நீ காட்டியது வெளியே தெரிவதாக ஆகிவிடும். எந்தத் தாள் பட்டறைக்குப் போகிறதோ அந்தத் தாளையே கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. இன்னொன்றையும் சேர்த்துக்கொள். யாராவது தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டால், அது எவ்வளவு சின்னக் கேள்வியாக இருந்தாலும், கோப்பைத் திறந்துவிட்டுப் பதில் சொல். உன் அறிவைச் சோதிக்க யாரும் பட்டறையிலிருந்து தொலைபேசி செய்வதில்லை. அவர்கள் எதிரில் இரண்டு உத்திரம் கிடக்கிறது, அதனால் கேட்கிறார்கள்.

இதையெல்லாம் குடும்ப வாழ்க்கைக்கு உவமையாக்கி உனக்குப் பிரசங்கம் செய்யப் போவதில்லை. தர்ஷினியிடம் ஏதாவது தவறு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு, பதினோரு நாள் வைத்திருக்காதே. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மற்றபடி நானும் உன் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம். எனக்கு வலது கண்ணில் புரை வளர்கிறதாம், வைத்தியர் அவசரமில்லை என்கிறார். உன் அப்பா வேலையை விட்ட பிறகு சமையலை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். உப்புதான் இன்னும் பிடிபடவில்லை. காலையில் இரண்டு பேரும் அம்பாங்கான் வரை நடக்கிறோம். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை, கதிர். நாம் நல்ல வாழ்க்கை வாழ்ந்திருக்கிறோம்.

இதுவரை எழுதியதை வியாழக்கிழமை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "ஒண்ண விட்டுட்ட" என்றார்.

"என்ன விட்டேன்?"

"நான் வெல்டிங் வச்சத."

எனக்குப் புரியவில்லை. அவர் பூண்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்த ரெண்டு உத்திரம் எங்க வரும்னு எனக்குத் தெரியும். எத்தன மேட செஞ்சிருக்கேன். வழி தெரியாம உன்னயக் கேக்கல. நீ ஆமான்னா வைக்கலாம்னுதான் கேட்டேன். நீ இல்லன்ன. அதுவும் அந்தக் குரல்ல. எனக்கு ரோஷம் வந்துருச்சு. சரி, படிச்சவங்க சொல்றாங்க, அப்படியே செஞ்சு குடுப்போம், நாளைக்கு வளைஞ்சா அவங்களுக்குத்தான அசிங்கம்னு அந்த ரெண்டும் இல்லாமலே வெல்டிங் வச்சுட்டேன். அதுமேல ஒரு ஆளு ஏறுவாருன்னு நான் நெனச்சே பாக்கல."

இருபத்தொன்பது வருடம், கதிர். ஒரே வீட்டில், ஒரே மேசையில். "ஏன் இத்தன நாளு சொல்லல?" என்று கேட்டேன்.

"நீதான் எல்லாத்தையும் ஒன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டியே. எனக்கு எங்க எடம் வச்ச?" என்றார்.

கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நானும் ஒரு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். அந்த அலுவலகத்தில் அவர் தாளை விரித்தபோது அவ்வளவு அமைதியாக இருந்ததற்குக் காரணம் எனக்கு இப்போதுதான் புரிந்தது. நான் அதைப் பெருந்தன்மை என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் அவர்மேல் எனக்கு இருந்த மதிப்புக் குறைந்ததா என்று நீ கேட்பாய். இல்லை. இந்த வீட்டில் தவறு செய்தவள் நான் ஒருத்திதான் என்ற எண்ணம் போய்விட்டது. அது ஒரு சுகமாகத்தான் இருக்கிறது.

"அண்ணன்கிட்டச் சொல்லணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கோலா பிலாவுக்குப் போனோம். அந்தத் தோட்டம் இப்போது ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது. பெரியப்பா டவுனுக்கு வெளியே வரிசை வீட்டில் இருக்கிறார் அல்லவா, முன்னறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, உன் அப்பா சொன்னதைக் கடைசி வரை கேட்டார். உன் அப்பா வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்கள் இருவரின் வெறுங்கைகளையும் பார்த்தார்.

"ஏன் செல்வம், இதச் சொல்லவா ரெண்டு பேரும் இவ்ளோ தூரம் வந்தீங்க? நான் பையன் கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்."

பத்திரிகைக் கட்டு முழுவதும் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இரண்டு பேருக்கும் அது நினைவே இல்லை. உள்ளேயிருந்து கன்னியம்மா பெரியம்மா சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். நாளைக்கே கொண்டுவருகிறோம் என்று உன் அப்பா எழுந்தார். பெரியப்பா கையமர்த்தினார். "நீங்க வேணாம் லா. கதிர வரச் சொல்லுங்க. அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வரட்டும்" என்றார்.

ஆகவே வருகிற சனிக்கிழமை நீ வர வேண்டும். தர்ஷினி வீட்டில் நானே பேசிக்கொள்கிறேன். பத்திரிகையை இரண்டு பேருமாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். பெரியப்பா எழுந்து காலை இழுத்துக்கொண்டு வாசல் வரை வந்து உங்களை வழியனுப்புவார், வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். திரும்பி வரும்போது காரில் அவள், அவர் கால் எப்படி ஆனது என்று கேட்டால், நீயே சொல். எங்களுக்காக எதையும் குறைத்துச் சொல்லாதே.

அம்மா